சிவப்பு மூடி, நீல மூடி

இரண்டு காதையும் உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு, "லலலலா" என்று தொண்டை கிழியக் கத்தியபடி, நேர்முகத் தேர்வு அறையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தாள் சராசரி.

கதவைத் திறக்கக் கை வேண்டும். கையை எடுத்தால் காது திறந்துவிடும். முழங்கையால் கைப்பிடியை அமுக்கி, இடுப்பால் கதவை ஓர் இடி இடித்து, வெராந்தாவில் வந்து விழாத குறையாக நின்றாள். தேநீர்த் தட்டோடு எதிரே வந்த அலுவலக உதவியாளர் பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"ஏம்மா, நான் ஒண்ணும் தப்பா சொல்லலையே!" என்று உள்ளே குழுத் தலைவர் எழுந்து நின்று பதறியது அவள் காதில் விழவில்லை. விழக்கூடாது என்பதற்குத்தானே இவ்வளவு பாடும்.

புதுச் செருப்பு கடிக்கிறது என்று முனகிக்கொண்டே பல்கலைக்கழகப் படி ஏறியவளைத்தான் போன வாரம் விட்டுவிட்டு வந்தோம். இப்போது அந்தச் செருப்பு இரண்டும் அறைக்குள்ளேயே கிடந்தன. வெறுங்காலோடு படியிறங்கினாள், புள்ளியியல் துறை இணைப் பேராசிரியை. பேராசிரியர் பதவிக்கான நேர்முகத்தில் பாதியில் எழுந்து ஓடிய முதல் ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

எதைக் கேட்டாலும் "சராசரியா பாத்தா..." என்று ஆரம்பிப்பாள் என்பதால் மகள் வைத்த பட்டம்தான் சராசரி. பட்டம்தான் அப்படி. ஆள் அப்படி இல்லை. நூற்றுக்கும் மேல் ஆராய்ச்சிக் கட்டுரைகள். தேனீக்காரர்களோடு தேனீயின் ரீங்காரம். பஸ் கம்பெனியோடு பஸ் தாமதம். பல் டாக்டர்களோடு பால் பல். அகழாய்வுக்காரர்களோடு பானை ஓடு. எல்லாவற்றிலும் அவள் பெயர் நடுவில்தான் வரும், குடும்ப போட்டோவில் யாரோ ஒருவருடைய தோளுக்குப் பின்னால் பாதி முகம் தெரிகிற சித்தப்பா மாதிரி.

இன்றைக்கு உட்கார்ந்ததும் குழுவில் இருந்த வேதியியல் பேராசிரியை கேட்ட முதல் கேள்வியே அதுதான். "தேனீங்கறீங்க, பஸ்ஸுங்கறீங்க, பல்லுங்கறீங்க... உங்க துறைதான் என்னம்மா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் குழுத் தலைவர் பரிந்துகொண்டு வந்தார். பாலம் கட்டும் பொறியியலில் பெரிய கை; நல்ல மனுஷர். "அதெல்லாம் விடுங்க. இப்ப இருமல் மருந்து ஆராய்ச்சி பண்றாங்களே, அதுல இவங்க பேருதான் முதல் பேரு. அதோட ரிசல்ட் என்னன்னு எனக்கே தெரியும். சொல்லட்டுமா?"

அவ்வளவுதான். ஓட்டம்.

*

அந்த ஆராய்ச்சியைப் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

சராசரியின் நாத்தனார் நுரையீரல் டாக்டர். வருஷக்கணக்காக ஓர் இருமல் மருந்தைப் பெற்ற பிள்ளை மாதிரி தூக்கி வளர்க்கிறவர். மருந்து நிஜமாகவே வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். இருமல்காரர்களில் பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறம், அதே மணம், அதே கசப்பு, ஆனால் மருந்தே இல்லாத வெறும் பாகு. ஒன்றுக்குச் சிவப்பு மூடி, மற்றதற்கு நீல மூடி.

எந்த மூடிக்குள் எது என்று டாக்டருக்குத் தெரியாது. குடிக்கிறவருக்குத் தெரியாது. கணக்குப் போடுகிற சராசரிக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள், பாகு காய்ச்சி, பாட்டிலில் ஊற்றி, மூடி திருகிய மருந்தாளுநர். அவர் வேறு யாருமில்லை, சராசரியின் புருஷன்.

நெறிமுறைக் குழு இதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தது. கடைசியில் ஆயிரம் நிபந்தனை போட்டு அனுமதித்தது. அன்றிலிருந்து அவர் பெயர் பூட்டு. வீட்டில் இருமல் என்ற பேச்சே கிடையாது. அவருக்கே தொண்டை கமறினால் பால்கனிக்குப் போய் இருமிவிட்டு வருவார். மகள் சிவப்புச் சட்டை போட்டு வந்தால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

சராசரிக்கு இதுவரை தெரிந்தது ஒன்றே ஒன்று. சிவப்பு மூடிக்காரர்கள் குறைவாக இருமுகிறார்கள். அது பூட்டுக்குத் தெரியாது. சிவப்பு என்பது எது என்று அவருக்குத் தெரியும். அது இவளுக்குத் தெரியாது. ஆக விடையின் இரண்டு பாதியும் இரண்டு வருஷமாக ஒரே கட்டிலில் படுத்து எழுந்துகொண்டிருந்தன, ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்காமல்.

இன்னும் சில சந்தேகக் கேஸ்கள் பாக்கி இருந்தன. இவரைச் சேர்ப்பதா, விடுவதா என்று ஒவ்வொருவராக முடிவு செய்து கணக்கைப் பூட்ட வேண்டும். அதற்குள் "மருந்து ஜெயிச்சிருச்சு" என்றோ "தோத்துருச்சு" என்றோ யாராவது சொல்லிவிட்டால் போச்சு. எந்த மூடி எது என்று தெரிந்துவிடும். தெரிந்தபின் அந்தச் சந்தேகக் கேஸ்களை எந்தக் கை நேராகத் தள்ளும்? இரண்டு வருஷ உழைப்பும் கழிவுநீரில்.

*

விலங்கியல் கட்டடத்தின் கோடியில் இருக்கிறது தேனீ ஆய்வுக்கூடம். கொட்டும் என்ற பயத்தில் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. பழைய கூட்டாளி என்ற உரிமையில் சராசரியிடம் சாவி இருந்தது. உள்ளே போய்த் தாழ் போட்டு, தோளில் தொங்கிய கைப்பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேஜையில் வைத்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஆயிரக்கணக்கில் முணுமுணுப்பு. அந்த முணுமுணுப்பில் ரிசல்ட் எதுவும் இருக்காது என்பதே பெரிய நிம்மதி.

மகளுக்கு போன் போட்டாள். மகள் பல்கலைக்கழக நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். வீட்டில் அவள் பெயர் விசில்.

"விசிலை எடுத்துக்கிட்டு உடனே தேனீ லேபுக்கு வா."

தலையில் ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்றாள் விசில். கதவு வழியாகவே சிரித்தாள்.

"அம்மா, நிஜமாவே இன்டர்வியூல இருந்து ஓடி வந்துட்டியா? என் கிளாஸ்ல ஆறு வயசுப் பிள்ளைங்கதான் இப்படி ஓடும்."

"கிண்டல் அப்புறம். வாசல்ல நில்லு. மருந்து, மூடி, சிவப்பு, நீலம்னு யாரு வாயெடுத்தாலும் ஊது."

"அப்பா வந்தா?"

"அப்பா வந்தா ரெண்டு மடங்கா ஊது."

விசில் புருவத்தைத் தூக்கினாள். "அப்பா மேலயே சந்தேகமா?"

அதுதானே ஓடி வரும்போதே சராசரியின் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. இரண்டு பாதியும் சேராமல் ரிசல்ட் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. தலைவருக்குத் தெரியும் என்றால் எங்கேயோ சேர்ந்திருக்கிறது.

"ஏன்டி, நான் தூக்கத்துல பேசறேனா?"

"அடிக்கடி. 'தொண்ணூத்தஞ்சு சதவீதம் நிச்சயம்'னு கத்துவே. அப்பா போர்வையை இழுத்து உன் வாயை மூடுவாரு."

"சிவப்புன்னு ஏதாவது சொன்னேனா?"

விசில் நிஜமாகவே ஊதிவிட்டாள். "நீயே ரூல மீறுறியேம்மா!"

*

சிரிக்க நேரமில்லை. வெளியே நாத்தனாரின் குரல் கட்டடத்தின் அந்த முனையிலிருந்தே கேட்டது. ஸ்டெதாஸ்கோப் வைக்காமலே அடுத்த வார்டு நோயாளியின் நெஞ்சை அதிர வைக்கும் குரல்.

"என்னடி கூத்து இது? பேராசிரியர் ஆகப்போற நேரத்துல உங்கம்மா தேன் எடுக்கப் போயிட்டாளா?"

விசில் ஊதினாள்.

"அத்தைகிட்டயே ஊதறியா நீ?"

"அத்தை, நீங்க எதையும் உளறிடக்கூடாதுன்னு உத்தரவு."

"உளற எனக்கு என்னடி தெரியும்? எனக்கே ஒண்ணும் தெரியாதுன்னுதான் ரெண்டு வருஷமா தலையப் பிச்சிக்கிட்டு அலையறேன்!" கதவில் படபடவென்று தட்டல் விழுந்தது. "ஏய், கேக்குதா? ஆபீஸ்ல இருந்து உன் புருஷனுக்கு போன் வந்துச்சு, அவன் என்னைக் கூட்டிட்டு வந்தான். நாலு மணி வரைக்கும்தான் குழு உக்காந்திருக்குமாம். அதுக்குள்ள நீ போகலேன்னா அந்தப் பதவி வேற ஆளுக்கு. இதை விட்டா மறுபடி எப்ப வருமோ, நீ ரிடையரே ஆயிடுவே."

"கணக்கைப் பூட்டிட்டு வரேன் அண்ணி."

"முதல்ல போய் உக்காரு. அந்தாளு எதையோ சொன்னா காதுல வாங்காத மாதிரி இரு. யாரு பாக்கப் போறா?"

"கேட்டதக் கேக்காத மாதிரி கணக்குப் போட எனக்கு வராது."

"அது என் மருந்து! எனக்கே பரவால்லேங்கறேன், உனக்கு என்ன?"

சராசரி கதவருகே வந்தாள். நெற்றியை மரத்தில் சாய்த்துக்கொண்டாள்.

"உங்க மருந்துங்கறதுதான் அண்ணி கஷ்டமே. அது ஜெயிக்கணும்னு எனக்கும்தான் ஆசை. அந்த ஆசை என் விரலுக்குத் தெரிஞ்சிட்டா, உங்களுக்குச் சாதகமா ஒருத்தரச் சேத்துருவேன், பாதகமா ஒருத்தர விட்டுருவேன். எனக்கே தெரியாம செய்வேன்."

வெளியே கதவைத் தட்டிய கை இறங்கியது.

"...காபி வேணுமா?" என்றார் நாத்தனார், வேறு குரலில்.

"வேணும் அண்ணி. சக்கரை கம்மி."

செருப்புச் சத்தம் தேய்ந்தது. பிறகு மெல்லிய ஒரு கனைப்பு. பூட்டு.

விசில் இரண்டு மடங்காக ஊத மூச்சை இழுத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, மூச்சை அப்படியே விட்டுவிட்டாள்.

"ஏங்க," என்றாள் சராசரி உள்ளிருந்து. "யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"நானா?"

"நான் தூக்கத்துல எதையாவது உளறி, நீங்க தெரியாத்தனமா கேன்டீன்ல..."

"ரெண்டு வருஷமா," என்றார் பூட்டு மெதுவாக, "உன்கூட உக்காந்து சாப்பிடறப்ப ஒரு சிரிப்பு சிரிக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கேன். இந்தச் சிரிப்புல இவளுக்கு ஏதாவது புரிஞ்சிருமோன்னு. என்னப் போய்க் கேக்கறியே."

சராசரி கதவில் உள்ளங்கையை வைத்தாள்.

"நீ உளறுவே, இல்லேங்கல," என்றார் அவர். "ஆனா எனக்குப் புரியற மாதிரி ஒண்ணும் இருக்காது. நீ முழிச்சிருந்து பேசறதே எனக்குப் புரியறதில்ல."

"சத்தியமா?"

"உன் பஸ் கட்டுரை மேல சத்தியம்."

விசில் வெடித்துச் சிரித்தாள். சராசரியும் சிரித்தாள். ஆனால் முள் முழுசாக எடுபடவில்லை. இவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை என்றால், அந்த மனுஷருக்கு எப்படித் தெரியும்?

யோசிக்கும் நேரமா இது? மேஜைக்கு ஓடினாள்.

*

பாக்கி இருந்த சந்தேகக் கேஸ்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

நோயாளிகளின் சட்டைப் பையில் இருந்த சின்ன மைக்குகள் இருமலை எண்ணியிருந்தன. ஒருவர் வீட்டு நாய் குரைத்ததெல்லாம் இருமலாகப் பதிவாகியிருந்தது. நாயைக் கழித்தாள், மனுஷனை வைத்துக்கொண்டாள். இன்னொருவர் மைக்கை அலமாரியில் வைத்துவிட்டு ஊர் சுற்றப் போயிருந்தார். அலமாரி ஒரு தடவைகூட இருமவில்லை. அந்த நாள்களை வெட்டினாள். ஓர் அம்மாள் தவறுதலாகப் புருஷன் சட்டையில் மாட்டிவிட்டாராம். முழுக்கக் குறட்டை. சராசரி வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, அந்த வாரத்தை வெளியே தள்ளினாள்.

காபி ஜன்னல் வழியாக வந்தது. நாத்தனாரின் கை மட்டும் தெரிந்தது.

கடைசிக் கேஸையும் முடித்து, கணக்கை ஓட்டி, பொத்தானை அழுத்தினாள். முழுக் கணக்கும் நெறிமுறைக் குழு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இனி அவளே விரும்பினாலும் ஒரு புள்ளியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்த முடியாது. "பூட்டப்பட்டது. மூடி விவரத்தை இனி வெளியிடலாம்" என்று பதில் வந்து விழுந்தது.

தாழைத் திறந்தாள். "மணி என்ன?"

"ஓடும்மா!" என்றாள் விசில். இந்தத் தடவை போட்டி தொடங்குகிற மாதிரி ஒரு நீள ஊதல்.

*

நாலு பேரும் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது குழு எழுந்து கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தது.

"உக்காருங்க சார்," என்றாள் சராசரி, தானும் வெறுங்காலோடு உட்கார்ந்து. "இப்ப எது வேணா சொல்லுங்க. முதல்ல ஒண்ணு. ரிசல்ட்ட உங்களுக்கு யாரு சொன்னது?"

குழுத் தலைவரின் காது சிவந்தது.

"யாரும் சொல்லலம்மா. நானே அதுல ஒரு ஆளு. மீட்டிங்குல இருமி இருமி மானம் போய்த்தான் அதுல சேந்தேன். சிவப்பு மூடி. இப்ப பாருங்க!" நெஞ்சை நிமிர்த்தி ஆழமாக மூச்சிழுத்து விட்டுக் காட்டினார். "அப்ப சிவப்பு மூடிதானே மருந்து? என் நெஞ்சைவிட சாட்சி வேணுமா?"

சராசரியைப் பொறுத்தவரை நோயாளிகள் வெறும் எண்கள். அதில் ஒரு எண் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கும் என்று யார் கண்டது? ஆக, இரண்டு பாதியும் எங்கேயும் சேரவே இல்லை. திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். 'மன்னிச்சிருங்க' என்று கண்ணாலேயே சொன்னாள். பூட்டு கூரையைப் பார்த்தார்.

"இந்த ஒரு நெஞ்சுக்காகவா அந்த ஓட்டம்!" என்று விசில் அத்தையின் காதில் கிசுகிசுத்தது எல்லோருக்கும் கேட்டது.

வேதியியல் பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு பார்த்தார். "காலைல கேட்ட கேள்வி அப்படியே நிக்குது. உங்க துறை என்ன?"

சராசரி கால்விரல்களை மடக்கிக்கொண்டாள். பாடமாகத் தயார் செய்து வந்த பதில் அவ்வளவும் தேனீக் கூட்டில் பறந்துபோயிருந்தது. தோன்றியதைச் சொன்னாள்.

"தேனீ ரீங்காரத்த எண்ணறதுக்கு எழுதின புரோகிராம்தாங்க இந்த இருமல எண்ணுச்சு. ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு பாத்தேன் இல்லியா, அதே கணக்குத்தான் ஒரு இருமலுக்கும் அடுத்ததுக்கும். பால் பல் எந்த நாள் விழுந்துச்சுன்னு பாதி அம்மாமாருக்கு ஞாபகம் இருக்காது. விட்டுப்போனத எப்படிக் கையாளறதுன்னு அங்கதான் கத்துக்கிட்டேன். இன்னிக்கு மைக்க அலமாரில வெச்சுட்டுப் போனவருக்கு அது உதவுச்சு." ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். "ஒவ்வொரு துறைலயும் ஒரு ஆசை இருக்கும். தேனீக்காரருக்கு ஒரு ஆசை, டாக்டருக்கு ஒரு ஆசை. அந்த ஆசை நிஜம்தானான்னு, அவங்க முகத்தப் பாக்காம பாத்துச் சொல்றதுதான் என் வேலை. அதுக்கு என்ன பேரு வெச்சாலும் சரி."

"முகத்தப் பாக்காம இருக்கத்தான் காலைல ஓடினீங்களா?"

"ஆமாங்க."

"இந்தப் பதவி போயிருந்தா?"

"போயிருக்கும்," என்றாள் சராசரி. "அழுதிருப்பேன். ஆனா கணக்கு சுத்தமா இருந்திருக்கும்."

வேதியியல் பேராசிரியை தலைவரைப் பார்த்தார். தலைவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். மூன்று தலைகள் ஒரு நிமிஷம் ஒன்றாகக் குனிந்து நிமிர்ந்தன.

"இனிமே பேராசிரியர்னு கூப்பிடலாமா?" என்றார் தலைவர்.

நாத்தனார் கைதட்டிய தட்டலில் மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் நடுங்கியது. விசில் விசிலைத் தேடினாள். அது கழுத்திலேயேதான் தொங்கியது. பூட்டு எழுந்து வந்து, மூலையில் கிடந்த புதுச் செருப்பை எடுத்து மனைவியின் காலடியில் வைத்தார். புதுப் பேராசிரியருக்குக் கண் நிறைந்துவிட்டது. செருப்பு கடித்ததால் என்று சொல்லிக்கொண்டாள்.

"சரிம்மா, மூடி சமாசாரத்த இங்கயே உடைச்சிருங்க. இருப்பு கொள்ளல எனக்கு," என்றார் தலைவர்.

சராசரி எழுந்து நின்றாள்.

"என் பாதி இது. சிவப்பு மூடிக்காரங்க நீல மூடிக்காரங்களவிட ரொம்பக் கம்மியா இருமியிருக்காங்க. ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்னு தள்ளிவிட முடியாத வித்தியாசம். சிவப்பு மூடி ஜெயிச்சிருச்சு."

தலைவர் தன் நெஞ்சில் ஒரு தட்டு தட்டிக்கொண்டார். நாத்தனார் எழுந்தே விட்டார், தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினார். "டேய், வாயத் திறடா! ரெண்டு வருஷம் போதாதா?"

பூட்டு திறக்கவில்லை. மனைவி சொன்ன பாதியை அவர் இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறார். இரண்டு வருஷமாக எதையும் காட்டாத அந்த முகத்தில், ஆச்சரியமா, பயமா, சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஏதோ ஒன்று மேலும் கீழும் ஓடியது. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அக்கா, நீ முதல்ல உக்காரு."

"எதுக்குடா உக்காரணும்? சொல்லு!"

"சிவப்பு மூடிக்குள்ள இருந்தது உன் மருந்து இல்லக்கா," என்றார் பூட்டு. "நான் காய்ச்சின வெறும் பாகு."